தலையாட்டிவிட்டுப் போன பெண்மணி

வெள்ளிக்கிழமை காலை சந்தை திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மலிண்டாவின் கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். ஊறுகாயும் சாலட்டும் விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொட்டிகள். கடுகு சேர்த்த உருளைக்கிழங்கு, காலிஃப்ளவரும் பீன்ஸும் கலந்த இனிப்பும் புளிப்புமான ஊறுகாய், பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த முட்டை. ருசி பார்க்கச் சின்னக் கரண்டிகளும் உண்டு. வருகிறவர்கள் சும்மா வாங்கிவிடவும் மாட்டார்கள். மூன்று கரண்டி தின்றபிறகு, "போன வாரத்துக்கு இது கொஞ்சம் புளிப்பு" என்பார்கள்.

மலிண்டாதான் எடை போடுவாள். கண் மட்டும் தராசில் இருக்காது. வரிசையில் நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும்.

"அண்ணி, அவரு அரைப் பவுண்டு கேட்டாரு. நீ அவரு வீட்டுக் கல்யாணத்துக்கே அள்ளிப் போட்டுட்ட," என்பாள் பக்கத்தில் நிற்கும் சுவில்லா. மலிண்டாவின் கணவனுக்குத் தங்கை. வாய் ஓயாது.

"சாப்பிட்டுட்டுப் போறாரு, விடு."

"சாப்பிடட்டும். அண்ணன்கிட்ட நீயே சொல்லிக்க. எனக்கென்ன."

அண்ணன் என்பது பெனுவெல். மலிண்டாவின் கணவன். பின்னால் குளிர் அறையில் வாளிகளோடு மல்லாடிக்கொண்டிருப்பான். மனைவி கையால் எடை கூடிப் போவது அவனுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை.

நான் அவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவன். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து மேரிலாண்டில் இருக்கும் இந்தச் சந்தைக்கு வாரத்தில் மூன்று நாள் கூட்டிவந்து கூட்டிப்போக வேண்டும். இவர்கள் ஆமிஷ்காரர்கள், பழைய முறைப்படி வாழ்கிற கிறிஸ்தவச் சபையார்; கார் ஓட்டக் கூடாது, அடுத்தவன் ஓட்டினால் ஏறிக்கொள்ளலாம். தங்களைத் தவிர உலகத்தில் உள்ள எல்லோரையும் அவர்கள் 'இங்கிலீஷ்காரர்கள்' என்றுதான் சொல்வார்கள். தூத்துக்குடியில் பிறந்த நானும் அதில் சேர்த்தி. வந்த புதிதில் சுவில்லா என்னை ஒருவரிடம் "இவரு நம்ம இங்கிலீஷ்காரரு" என்று அறிமுகப்படுத்தினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

மலிண்டா பதினாலு வயதில் சந்தைக்கு வந்தவள். அவர்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். முதலில் அப்பாவின் இறைச்சிக் கடையில் நின்றாள். பெனுவெலைக் கட்டியபிறகு இந்தக் கடை. வரிசையாக மூன்று பையன்கள். வெகுநாள் கழித்து, இனி இல்லை என்று தொட்டிலைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபிறகு, ஒரு பெண் பிறந்தாள். ரோஸன்னா. ஆறு வயதுக்குள் அந்தப் பெண் சந்தையையே தன் வீடாக்கிக்கொண்டாள். ப்ரெட்செல் என்ற முறுக்கு ரொட்டி விற்கிற கடையில் ஒரு துண்டு, பாலாடைக்கட்டிக் கடையில் ஒரு துண்டு என்று சுற்றிவிட்டு வந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வெள்ளரி ஊறுகாயைச் சப்பிக்கொண்டிருப்பாள்.

போன ஜூன் மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பெண்மணி படம் எடுத்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவள். ஒரு டஜன் பீட்ரூட் முட்டை வாங்க நின்றிருந்தாள். கடை முகப்பில் 'தயவுசெய்து எங்களைப் படம் எடுக்காதீர்கள்' என்று எழுதித் தொங்குகிறது. சபையின் கட்டுப்பாடு. முகத்தைப் படமாக்கி வைத்துக்கொள்வது அவர்களுக்கு ஒருவித விக்கிரகம். ஆனாலும் சந்தைக்கு வருகிறவர்கள் எடுப்பார்கள். இடுப்போரம் போனை வைத்து, வேறெங்கோ பார்ப்பதுபோல் எடுப்பார்கள். மலிண்டா வழக்கமாகக் கண்டுகொள்ள மாட்டாள். அன்று என்னவோ கத்திவிட்டாள்.

"எம் பொண்ணு என்ன காட்சிப் பொருளா? அழிச்சிடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாலயே அழிங்க!"

கடை வரிசை முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அம்மாள் காது வரைக்கும் சிவந்துபோய், போனில் எதையோ அழுத்தி, தலையாட்டிவிட்டு, முட்டையைக்கூட வாங்காமல் போய்விட்டாள். வண்டியில் திரும்பும்போது சுவில்லா, "அண்ணிக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கறதே எனக்குத் தெரியாது. அடுத்த தடவை மாடு ஓடிப்போனா உன்னத்தான் கூப்பிடச் சொல்லணும்" என்றாள். மலிண்டாவும் சிரித்தாள்.

ஆகஸ்டில் ரோஸன்னா செத்துப்போனாள். களஞ்சியத்தின் மேல்தளத்தில் அண்ணன்களோடு விளையாடிக்கொண்டிருந்தவள், வைக்கோலைக் கீழே தள்ளுவதற்காக விட்டிருக்கும் திறப்பு வழியாக விழுந்துவிட்டாள். கீழே சிமெண்டுத் தரை. அடக்கத்துக்கு ஊரிலுள்ள குதிரை வண்டிகள் எல்லாம் வந்து நின்றன. அழுகைகூடச் சத்தமில்லாமல்தான். தேவன் கொடுத்தார், தேவன் எடுத்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மலிண்டா எல்லோருக்கும் ஆமாம் என்றாள்.

மூன்று வாரத்தில் சந்தைக்கு வந்துவிட்டாள். அப்போதிருந்துதான் இந்த முகம் பார்க்கிற வேலை.

ஒருநாள் வண்டியில் வாளிகளை ஏற்றும்போது, மற்றவர்கள் உள்ளே இருந்த நேரம் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"வேலு, போன்ல ஒரு படத்த அழிச்சா, அது எங்க போகும்?"

எதற்குக் கேட்கிறாள் என்று உடனே புரிந்துவிட்டது.

"எங்கயும் போகாது. இல்லாம போயிடும்."

"மொத்தமாவா?"

"சில போன்ல கொஞ்ச நாள் உள்ளயே ஒரு குப்பைத் தொட்டி மாதிரி கிடக்கும். ஒரு மாசம் போல. அப்புறம் அதுவும் காலியாயிடும்."

அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். ஒரு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது.

"அந்தம்மா உண்மையில அழிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? இங்கிலீஷ்காரங்க எத்தன பேரு தலைய ஆட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போறாங்க. நான் பாத்திருக்கேனே. சரி சரின்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயி மறுபடி எடுப்பாங்க. இவங்களும் சும்மா ஏதோ அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. இல்லியா?"

அவள் நம்பிக்கை முழுவதும் எங்கள் ஆட்கள் பொய்யர்கள் என்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "இருக்கலாம்" என்றேன்.

"கிடைச்சா வெச்சுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும். சபையில மண்டி போடச் சொன்னா போட்டுக்கறேன்." வாளியின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "மூக்கு ஞாபகம் இருக்கு, வேலு. வாயும் ஞாபகம் இருக்கு. தனித்தனியா எல்லாம் இருக்கு. ஒண்ணா சேத்து வெச்சா வேற யாரு பிள்ளையோ வந்து நிக்குது."

பெனுவெலிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது. அவன் கோபப்படவில்லையாம். "முகம் மண்ணு, மலிண்டா. அதக் கேக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டானாம்.

அந்தப் பெண்மணி செப்டம்பரில் வரவில்லை. அக்டோபரிலும் இல்லை. நரைத்த குட்டை முடியோடு யார் வந்தாலும் மலிண்டாவின் கை நின்றுவிடும். இரண்டு தடவை வேறு யாரையோ பார்த்துக் கடைக்கு வெளியே ஓடினாள். சந்தை மேலாளரிடம் சொல்லி வைக்கலாமா, வேண்டாமா என்று நான் யோசித்தேன். அது அவர்கள் சபைப் போதகர் காதுக்குப் போய்விட்டால்? என் வேலை போய்விட்டால்? கடைசியில் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வாரம் சந்தை எப்போதும் ஒரு யுத்தம். வான்கோழிக்கு முன்பணம் கட்டியவர்கள், கட்டாதவர்கள், பூசணி இனிப்பு கிடைக்காமல் சண்டை போடுகிறவர்கள். அந்த நெரிசலில் நான் தொட்டி மாற்ற உதவிக்கொண்டிருந்தேன். மலிண்டாவின் கரண்டி தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

வரிசையில் நான்காவதாக அந்த அம்மாள்.

அவளும் மலிண்டாவைப் பார்த்துவிட்டாள். முறை வந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"போனைக் கார்லயே வெச்சிட்டு வந்துட்டேங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். "அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரவே வெட்கமா இருந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு உங்க முட்டை இல்லாம பண்டிகை இல்ல, அதான்..."

"அந்தப் படம் இருக்கா?" என்றாள் மலிண்டா.

"இல்லவே இல்ல. அன்னிக்கே அழிச்சிட்டேன். உங்க முன்னாலதானே அழிச்சேன்?"

"பரவாயில்ல, சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

"ஐயோ, சத்தியமா இல்லம்மா. நான் அப்படிப்பட்டவ இல்ல."

"நீங்க அழிக்காம இருந்தாலும் தப்பில்ல. நிறையப் பேரு அழிக்கறதில்ல. நான் கோவிச்சுக்கவே மாட்டேன்."

"கேளுங்க, வீட்டுக்குப் போயும் எனக்கு மனசே கேக்கல. ஒரு தாய் கெஞ்சிக் கேட்டிருக்காளேன்னு, உள்ள குப்பையில இருந்ததயும் எடுத்துப் போட்டுட்டேன். எம் பையன உக்கார வெச்சு, வேற எங்கயாவது போய் ஒட்டிக்கிட்டிருக்கான்னு தேடச் சொல்லி, அதயும் அழிச்சேன். ஒரு துளிகூட இல்ல. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

தன் நாணயத்தை நிரூபிக்க அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். மலிண்டா கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற ஒருவர், "அம்மா, பேச்சுக்கு வேற வரிசை உண்டா?" என்றார். சுவில்லா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் பிறகு வாயைத் திறக்கவில்லை.

"அவ செத்துட்டா," என்றாள் மலிண்டா.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க படத்தப் பாத்தீங்கல்ல? வீட்லயும் பாத்தீங்கல்ல, அழிக்கறதுக்கு முன்னால?"

"பாத்தேன்..."

"எப்படி இருந்தா?"

அந்த அம்மாள் உண்மையாகவே முயன்றாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கையில ஊறுகாய் வெச்சிருந்தா. நீலச் சட்டை. இல்ல, பச்சையோ? முடிய இழுத்துச் சீவி... முகம்..." நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்கம்மா. உங்க பிள்ளைங்க எல்லாரும் எனக்கு ஒரே மாதிரி..." அங்கேயே நிறுத்திவிட்டாள்.

பெனுவெல் குளிர் அறை வாசலில் ஒரு வாளியோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மலிண்டா ஒரு டஜன் முட்டையை எண்ணிப் போட்டு, சாறு வழியாமல் மூடி, துடைத்துக் கொடுத்தாள். "சொன்னபடி செஞ்சீங்க. நன்றி" என்றாள். ஆமிஷ்காரர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நன்றியையும் மனதாரச் சொல்ல அவள் பாடுபட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு, "அடுத்து யாரு?" என்றாள்.

மாலை திரும்பும்போது மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல எல்லாக் கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி ஓட்டினேன். பென்சில்வேனியா எல்லையைத் தாண்டும்போது மலிண்டா யாரையும் குறிப்பிட்டுக் கேட்காமல் கேட்டாள்.

"அவளுக்கு முன்பல்லு விழுந்துச்சே. எந்தப் பக்கம்?"

"இடது," என்றாள் சுவில்லா உடனே. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு எதிரே பாக்கும்போது இடது. அப்ப அவளுக்கு வலதோ?" என்றாள்.

மலிண்டா கணவன் பக்கம் திரும்பினாள். பெனுவெல் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஊர்ச் சாலையில் திரும்பியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"பல்லு விழுந்துச்சா? எனக்குத் தெரியாதே."

"விழுந்துச்சு," என்றாள் மலிண்டா.

வண்டி அவர்கள் பண்ணைக்குள் நுழைந்தது. நான் விளக்கை அணைக்காமல் நிறுத்தினேன். பையன்கள் மூவரும் வாளி இறக்க ஓடிவந்தார்கள். அவள் இறங்கவில்லை.

"விழுந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்," என்றாள்.