ஒற்றைக் கோபுரம் தெரிந்த ஜன்னல்

கோலாலம்பூரில் நாங்கள் இருந்தது மூன்று நாள். அதில் இரண்டாம் நாள்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

நானும் மைனியும் போயிருந்தோம். மைனி என் அண்ணனின் மனைவி. பாறசாலையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் செய்கிறோம். வறுப்பது அவள், விற்பது நான். வெளிநாட்டில் ஆர்டர் கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பியபோது, தனியாகப் போகப் பயந்து அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணன் இறந்த பிறகு அவள் பக்கத்து ஊரான நெய்யாற்றின்கரையைத் தாண்டியதே அபூர்வம்.

காலையில் ஒரு பெரிய விநியோகஸ்தரின் அலுவலகம். அங்கிருந்த இளம் அதிகாரி ஒரு சிப்ஸை எடுத்து உடைத்துப் பார்த்தார். சீஸ் மணத்தில் உண்டா என்று கேட்டார். மெயில் போடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மைனி, "தின்னுகூட நோக்கல்லியே மக்கா" என்றாள்.

அடுத்து ஒரு மளிகைக் கடைக்கு நான்கு மணிக்குத்தான் போக வேண்டும். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கப் போனோம். எல்லோரும் தரையில் மல்லாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைனி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து பழைய தபால் உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் அண்ணனின் கையெழுத்தில் இந்த ஊர் விலாசம். கல்யாணமான புதிதில் அண்ணன் இங்கே ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான்.

"இங்க ஒண்ணு போவமா?"

அதை அவள் கொண்டுவந்திருப்பதே எனக்குத் தெரியாது.

ரயில் ஏறி, விசாரித்து, அந்தத் தெருவைக் கண்டுபிடித்தோம். ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை. கடைக்காரர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து மாடிக்கு அழைத்துப் போனார். ஹோட்டல் ஆட்கள் தங்கியிருந்த அறை இதுதான் என்றார். அதில் இப்போது அட்டைப்பெட்டிகள். மைனி அவற்றுக்கு நடுவே புகுந்து ஜன்னலருகே போய் நின்றாள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே, தூரத்தில், ஒரே ஒரு கோபுரத்தின் உச்சி.

அவள் சிரித்துவிட்டாள். "கண்டியா ஒனக்க அண்ணனுக்க கள்ளத்த! ரெண்டு கோபுரமும் ஜன்னல்ல தெரியும், படுத்துக் கெடந்தே பாக்கலாம்ணாக்கும் எனக்கு எழுதினாரு."

கடைக்காரர் வெளியே கையைக் காட்டினார். "அந்தக் கட்டடம் அப்புறம் வந்தது, அக்கா. முன்ன நல்லாத் தெரியும், ரெண்டும்."

மைனியின் சிரிப்பு நின்றது. புதிய கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு மெதுவாக முகத்துக்குப் போனது. கடைக்காரர் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டார். நான் பக்கத்தில் போய் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

நான்கு மணிக்குப் போக வேண்டிய மளிகைக் கடைக்கு ஐந்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். முதலாளி அறுபதைத் தாண்டிய அம்மா. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மைனியின் சிவந்த கண்களைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். யாரிடமும் வாய் திறக்காத மைனி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே அந்த அம்மா நாங்கள் கொடுத்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கதை முடிந்தபோது பாக்கெட்டும் காலி.

"தேங்காய் எண்ணெய்தானே?"

"ஆமா. வேற எண்ணெ நான் தொடமாட்டேன்."

"மாசம் பத்துப் பெட்டி அனுப்புங்க, பார்ப்போம்."

திரும்பும் ரயிலில் மைனி அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவன் ரசத்தில் உப்பு போட மறந்தது, லீவில் வந்தபோது பொழியூர் கடற்கரையில் செருப்பைத் தொலைத்தது. அவன் போன பிறகு அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்து, கதவு திறந்து, மூடியது. நான் பார்த்தேன். "பொறவு செருப்பு கெடச்சுதா மைனி?" என்று கேட்டேன்.