எட்டாம் நம்பர் காரும் என் வீட்டுக்காரர் நாற்காலியும்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. பிறகு கிட்னியும் போனது. வாரத்தில் மூன்று நாள் கோலசிலாங்கூர் போய் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் மூச்சு வாங்கும். அடுத்த லயத்து வரிசையில் குடியிருப்பவர்தான் தன் வேனில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவர் தன் மகள் வீட்டோடு போய்விடப்போவதாகச் சொன்னதும் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவானது.

“ஸ்பெக் எல்லாம் அலசிப் பாத்துட்டுத்தாம்மா வாங்குவேன்,” என்றான் மகன். துணைக்கு ஒரு கூட்டாளியையும் அழைத்து வந்தான். அந்தப் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு காரும் இல்லை. ஆனால் எல்லாக் கார்களைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது.

வேன்காரரே என் வீட்டுக்காரரோடு எங்களையும் பத்தாங் பெர்ஜுந்தாய் கார்க்கடைக்குக் கூட்டிப்போனார். எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இரண்டு கார்கள் நின்றன. வெள்ளை ஒன்று, உயரமானது. சிவப்பு ஒன்று, தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. மகன் சிவப்பை விட்டு நகரவில்லை. ஃபோனில் தேடி, இத்தனை சிசி, இத்தனை குதிரைச் சக்தி என்று உரக்கப் படித்தான். ஒவ்வொன்றுக்கும் கூட்டாளி, “பவர் மச்சான்!” என்றான். எங்கள் ரோட்டில் செம்பனை லோரிகள் உழுதுபோட்ட பள்ளத்தில் அத்தனை குதிரைகளும் நொண்டும் என்பது ஃபோனுக்குத் தெரியுமா?

“தம்பி, அப்பா சக்கர நாற்காலி ஏறுமாய்யா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. அவர்களுக்கு எங்கே கேட்கப்போகிறது?

வெள்ளையைப் பார்க்கச் சொன்னார் கடை முதலாளி தவுக்கே. கூட்டாளி அதன் நம்பர் பலகை முன்னால் நின்று விரல்விட்டுக் கூட்டினான்.

“எட்டு, மச்சான். சனி! வேணவே வேணாம். சிவப்பு ஆறு, சுக்கிரன்.”

டயரைக் குனிந்து பார்க்காதவர்கள், பிரேக்கை மிதித்துப் பார்க்காதவர்கள், அந்தக் கூட்டலை மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள்.

மகன் முன்பணம் கொடுக்கப் பையில் கைவிட்டான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, வேனிலிருந்த சக்கர நாற்காலியை இறக்கி, மடக்கி, உருட்டிக்கொண்டுபோய்ச் சிவப்புக் காரின் பின்னால் நின்றேன்.

“பின்னால தொறங்க, தவுக்கே.”

திறந்தார். பூட் முழுக்க ஒரே ஸ்பீக்கர் பெட்டி. நாற்காலியின் ஒரு சக்கரம்கூட நுழையவில்லை.

“ஃபுல் ஸ்பெக் லா, அம்மா,” என்றார் பெருமையாக.

“சேரை முன்சீட்ல வெச்சிக்கலாம்மா,” என்றான் மகன்.

வேனுக்குள் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “அப்ப நான்? ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள உக்காந்து பாடிக்கிட்டே வரட்டுமா?”

“அதில்லப்பா, வெள்ளை எட்டு. சனி பிடிக்கும்.”

“கால எடுத்தாச்சு, கிட்னிய எடுத்தாச்சு. இன்னும் எதைப் பிடிக்கப்போவுதாம் சனி? சிவப்பையே வாங்குடா. நீயும் ஒன் கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கம் என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.”

வேன்காரர் சிரித்துவிட்டார். கூட்டாளிக்குத் திடீரென்று ஃபோனில் அவசர வேலை வந்துவிட்டது.

வெள்ளையைத்தான் வாங்கினோம். நாற்காலி மடங்கி உள்ளே போனது. மகனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். பின்கண்ணாடியில் ஒன்று என்ற எண்ணை ஒட்டி, “இப்பக் கூட்டிப் பாருங்கப்பா, ஒம்போது!” என்றான். சனி பகவான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கணக்கை மாற்றிக்கொள்வார் என்று நினைப்பு.

முதல் தடவை போய் வந்தாயிற்று. ரத்தம் நல்லபடியாகச் சுத்தமானது. ஆனால் நாற்காலியிலிருந்து முன்சீட்டுக்கு மாறும்போது அவர் முழங்கால் முன்னாலிருக்கும் டேஷ்போர்டில் இடிக்கிறது. சீட் இன்னும் பின்னால் போகுமா என்று மகனைக் கேட்டால், ஃபோனைத் தடவிவிட்டு, அது ஸ்பெக்கில் இல்லை என்கிறான். இப்படி உயரமான கார் வைத்திருப்பவர்கள் யாராவது உங்கள் சீட்டைத் தள்ளிப் பார்த்துச் சொல்லுங்கள். குதிரைச் சக்தி, சிசி பற்றி நான் தப்பாக எழுதியிருந்தால் அதை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். சீட்டுதான் அவசரம். நாளை மறுநாள் அவர் மறுபடி போக வேண்டும்.