ராமாத்தாளின் ஊக்கத்தொகை போன இடம்

அன்று காலை, வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் ராமாத்தாள் பால் போசியை மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"ஏனுங்க்கா, ஊருக்கெல்லாம் ஊக்கத்தொகை வந்திருக்குது. எனக்கு மட்டும் எங்கீங்க போச்சு?"

அரசாங்கம் லிட்டருக்கு இவ்வளவு என்று பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும் பணம் அது. நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். சொசைட்டியில் பால் அளக்கிற எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவள் நான்தானே.

வரிசையில் ஒருவர் சொன்னார்: "அக்கா பாலை மட்டும்தான் அளப்பாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்களுக்குத் திருடி மாதிரித்தான் இருந்திருக்கும்.

"தீவனக் கடைக்காரரு இனிக் கடன் இல்லைன்னுட்டாரு. பணம் வர்லீன்னா மாட்டை வித்துப்போடுவனுங்க" என்றாள். அவளுக்கு இருந்தது ஒரே மாடு.

சொசைட்டிச் செயலாளரிடம் அவளைக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "சக்சஸ்னு இருக்குது பாருங்க. பேங்க்ல கேளுங்க."

காங்கேயத்தில் பேங்க்காரர் பாஸ்புக்கை மெஷினில் விட்டுப் பார்த்தார். "ஒண்ணும் வரலீங்க. சொசைட்டில கேளுங்க."

செயலாளர் கால்நடை ஆபீசுக்குப் போகச் சொன்னார். அங்கே, "நாங்க ஊசி போடறதோட சரீங்கம்மா" என்றார்கள். போகிற இடமெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுத்த ஜெராக்ஸைத் தொலைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

"என்ற மூஞ்சியக் கறுப்புக் கறுப்பா எடுத்து வெச்சு என்னதானுங்க பண்றீங்க?" என்று ராமாத்தாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் பேங்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த தெக்கத்திப் பெண் ஒருத்திதான் ஆதார் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க ஆதாரு திருப்பூர்ல வேற பேங்க்லல்லா சேந்திருக்கு. பால் பணம் கணக்கு நம்பருக்கு வரும். ஊக்கத்தொகை ஆதாருக்குத்தான் போவும். கடேசியா எதுல சேத்தியளோ, அங்கன போயிரும்க்கா."

மழை பொய்த்த வருஷம் ராமாத்தாள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போயிருந்தாள். கம்பெனியில் எல்லாரிடமும் கைரேகை வாங்கி, சம்பளத்துக்காக மொத்தமாகக் கணக்குத் திறந்தார்கள். வேலையை விட்டதும் அவள் அந்தக் கணக்கையே மறந்துவிட்டாள். ஊக்கத்தொகை முழுவதும் அங்கேதான் கிடந்தது.

"அப்ப ஆரும் எடுக்கலீங்களா?" என்று கேட்டாள். வெளியே வந்ததும், "தப்பாப் பேசிப்போட்டனுங்க்கா" என்றாள். அதை வரிசையில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்குள் அவள் வாரச் சந்தையில் மாட்டை விற்றிருந்தாள். வியாபாரியிடம் கேட்டால், அது பொள்ளாச்சி தாண்டிப் போய்விட்டது என்றார். மாடு விற்று வந்த பணம் தீவனக் கடைக்குச் சரியாகப் போனது. ஊக்கத்தொகையை வைத்து இன்னொரு மாடு வாங்க முடியாது. இப்போது நாங்கள் பால் அளக்கிற நேரத்தில் அவள் கம்பெனி வேனுக்கு நிற்கிறாள்.

எல்லார் கையிலும் ஜெராக்ஸ் இருந்தது. ஒருவரும் அவளிடம் வேறு கணக்கு உண்டா என்று கேட்கவில்லை. அதனால் புதிதாகப் பால் ஊற்ற யார் வந்தாலும் இப்போது நான் சத்தமாகவே கேட்டுவிடுகிறேன்: "எப்பவாச்சும் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கீங்களா? அங்க கணக்குத் தொறந்தாங்களா?"

பால் ஊற்ற வந்தவளிடம் இது என்ன கேள்வி என்று வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதில் சொன்ன பிறகுதான் போசியை வாங்குகிறேன்.