கடல் தெரிந்த அறையும் அடுப்பில்லாத நாலு நாளும்

கரீபியன் தீவுகளுக்கு விடுமுறையில் போனால் எங்கே தங்குவது என்று கேட்டு எழுதுகிறீர்கள். நான் போனது ஒரேயொரு தடவை, 1988 மாசியில், பார்பேடோசுக்கு. நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

உல்லாசத்துக்குப் போகவில்லை. நாங்கள் ஜெர்மனியில்; என் தங்கச்சி மலர் கனடாவில், ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. 83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. அகதிப் பயணப் புத்தகத்தோடு ஊருக்குப் போக வழியில்லை; கனடா விசா எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஜெர்மன் விசா அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் விசா கிடைத்த இடம் அந்தத் தீவு. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைத் தாய்வீட்டார்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். அம்மா யாழ்ப்பாணத்தில். ஆகவே அது என் கடமை. "உங்கடை கையாலை குழைச்ச சோறு வேணும் அக்கா" என்று தொலைபேசியில் அழுதாள்.

நாங்கள் இருந்த ஹம் நகரத்துப் பயண முகவரின் படப் புத்தகத்தில் இரண்டு இடம் பார்த்தோம். கடற்கரை ஹோட்டலில் இருவர் அறை, இருவேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 150 மார்க். அடுப்போடு ஒரு சின்ன வீடு, 70 மார்க். நான் வீட்டைக் காட்டினேன். என் கணவர் கேட்கவில்லை.

"மூண்டு வருஷம் அகதி ஹைம் விடுதியிலை அஞ்சு குடும்பத்தோடை ஒரு குசினிக்கு வரிசையிலை நிண்டனீர். காசு குடுத்துப் போயும் அடுப்படியோ?"

"அவளுக்குச் சோறு?"

"சைவம் எண்டு எழுதிவிட்டிருக்கு. தருவாங்கள்."

எங்களுக்கு ஒன்று, மலருக்கும் அவள் கணவருக்கும் ஒன்று என இரண்டு அறை, ஒன்பது நாள். முழுக் காசையும் முன்னமே கட்டிவிட்டார். நான் என் பாட்டில் கறித்தூளும் புளியும் ஒரு சட்டியும் பெட்டிக்குள் வைத்தேன்.

பத்து மணி நேரப் பறப்பு. அறை துப்புரவு, ஜன்னலில் கடல், அதில் குறை சொல்லமாட்டேன். முதல் இரவு துவரம்பயறு போட்ட சோறு வைத்தார்கள். நானாகப் படித்த ஆங்கிலத்தில் சமையல்காரரிடம் சைவமா என்று கேட்டேன். "ஆமாம், பன்றிவாலை எடுத்துவிட்டுத்தானே வைத்திருக்கிறோம்" என்றார், பெருமையாக. மலர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

அதன்பிறகு அவளுக்கு வெறும் பாண் ரொட்டியும் வாழைப்பழமும்தான். அறையில் சமைக்கக்கூடாது. "பசியில்லை அக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், கன்னம் ஒட்டிப்போனது. என் கணவர் கடலுக்குள் நின்று படம் எடுத்தார்.

நாலாம் நாள் பின்னேரம் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். நான் தெருவுக்கு இறங்கி ஒரு டாக்ஸிக்காரரைக் கேட்டேன், சமைக்க வசதியுள்ள வீடு எங்கே என்று. "கடலை விட்டுவிட்டு அடுப்பைத் தேடும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்; பதினொரு கிலோமீற்றர், 22 மார்க். அவர் அக்காவின் கடைக்கு மேலே இரண்டு அறை, எரிவாயு அடுப்பு, எல்லாம் சேர்த்து நாளுக்கு 65 மார்க்.

திரும்பிவந்து சொன்னேன்.

"கட்டின காசு திரும்பாது. நீர்தானே சதத்துக்கும் கணக்கு வைக்கிறனீர்?" என்றார் இவர்.

"ஓம். வீண்செலவு எண்டு எழுதிறன். வாறியளோ, நிண்டு கடலைப் பாக்கிறியளோ?"

மலரின் கணவர் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார். இவரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் நாள் காலை குளித்து, திருநீறு பூசி, அடுப்பை மூட்டினேன். அங்கே சந்தையில் கறிக்குப் போடும் ஈரப்பலாக்காய் நம்மூர்போலவே கிடைக்கிறது, தேங்காயும் மலிவு. பால்கறி வைத்து, சோறு குழைத்து உருட்டிக் கொடுத்தேன். மூன்று கவளம் சாப்பிட்டுவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். காசு கட்டுமுன் அடுப்பு உண்டா என்று கேளுங்கள். சைவம் என்றால் என்ன சமைப்பார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். இடையில் வெளியேறினால் காசு திரும்புமா என்றும் கேளுங்கள். கடல் எங்கும் போகாது, நடந்துபோய்ப் பார்க்கலாம்.

ஐந்து நாள் அவளுக்குச் சோறு கொடுத்தேன். ஒன்பது நாள் கொடுத்திருக்கலாம். அந்த நாலு நாளுக்காக இவரை மன்னிக்க மனம் தரச்சொல்லி அம்பாளிடம் கேட்டும் பார்த்தேன். இன்னும் தரவில்லை.