பொங்கல் குழம்பில் செங்காந்தள் கிழங்கு

2006 பொங்கலன்று, புதுச்சேரி லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் படபடக்கிறது!

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொங்கல் குழம்பு என்றால் உயிர். எத்தனை வகைக் கிழங்கு சேருகிறதோ அத்தனை ருசி என்பார். பொங்கல் கொடுக்க நான் பின்வாசல் வழியாகப் போனபோது, அவருடைய பிள்ளைகள் இரண்டும் இலை முன்னால் உட்கார்ந்தாயிற்று. குழாயடியில் ஒரு கிழங்கு மிச்சம் கிடந்தது. கலப்பை மாதிரி வளைந்து, இரு முனையும் கூராக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, இது ஏது?"

"போகிக்கு வேலிய சுத்தம் பண்ணேன்ல, மண்ணுக்குள்ள கெடந்துச்சி. வள்ளிக்கிழங்கு. குழம்புல போட்டுட்டேன்" என்றார் பெருமையாக.

நான் தாராபுரம் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் மருந்துக்காக இந்தச் செடியை வயலிலேயே பயிரிடுவார்கள். கிழங்கைத் தொட்ட கையால் சோற்றைத் தொட விடமாட்டார்கள்.

"ஐயையோ, ஊத்தாதீங்க! வெஷம்!" என்று அலறினேன்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு பேசற நீ?"

விளக்கிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பரிமாறிக்கொள்ளும். கொதிக்கிற சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன்! அக்கா கரண்டியோடு பின்னால் கத்திக்கொண்டே வந்தார்.

நல்லவேளை, கம்பியில் காய்ந்த கொடி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தது. வெடித்த காயில் சிவப்பு விதைகள். "இலை நுனியப் பாருங்க. கார்த்திகையில இங்கதான அந்தப் பூ பூத்துச்சு? அடி மஞ்சளா, நுனி செவப்பா, இதழெல்லாம் மேல பாத்து, தீ எரியற மாதிரி? அந்த செங்காந்தள் பூவோட கிழங்குதான் இது!"

அக்கா முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தவரே அவர்தான்.

"அய்யோ, எம் புள்ளைங்க!" என்று சட்டியைப் பிடுங்கி அவரே கவிழ்த்தார். குழி தோண்டி மூடிவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் குழம்பில் உப்பு தூக்கல் என்று குறை வேறு சொன்னார்!

அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல நாளாயிற்றே என்று அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருக்காததற்கு எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொள்கிறேன்.