பேஸ்மென்றில் இருந்த சம்பியன்

தொண்ணூறுகளின் நடுவில் வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கிய கையோடு பேஸ்மென்றை வாடகைக்கு விட்டோம். ரொறன்ரோவில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததுதான். வந்தவள் ஒரு யப்பான் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சத்தம் சந்தடி இல்லை. யாரும் சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றினாள். எனக்கு அது போதும்.

ஒன்றுதான் விளங்கவில்லை. பின்னேரமானால் கூட்டுகிற தும்புத்தடி மாதிரி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுவாள். எங்கேயோ கந்தோர், கடை கூட்டப் போகிறாள் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். எங்கள் சனத்தில் பாதிப் பேர் இங்கே முதலில் பிடித்த வேலை அதுதானே. ஆனாலும் தும்புத்தடியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிற முதலாளியை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு நாள் ரீ போட்டுக் கொடுத்து, என் கணவர் வேலைசெய்யும் பக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவள் என்னையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தபடி கீழே ஓடி ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். கழுத்தில் பதக்கங்களோடு நான்கு பெண்கள், நடுவில் அவள். தன் நாட்டின் கேர்லிங் சம்பியன்.

"கூட்டுறதுக்கும் சம்பியன் பட்டம் குடுக்கினமோ?" என்றார் என் கணவர். "அப்ப உமக்கும் ஒண்டு குடுக்கலாம்."

"உங்களுக்கு ஒருநாளும் கிடையாது," என்றேன்.

கேர்லிங் என்றால் பனித்தரையில் கைபிடி வைத்த கருங்கல்லைச் சறுக்கிவிடுவது. ஒருத்தி கல்லை விட, இரண்டு பேர் அதற்கு முன்னால் குனிந்து ஓடிப் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். மறு அந்தத்தில் கீறியிருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்ட நிற்கிறதோ, புள்ளி அவர்களுக்கு. இதற்குள் இவ்வளவு உயிரை விட என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

சம்பியன் என் பேஸ்மென்றுக்கு வந்ததற்குக் காரணம் முழங்கால். ஒப்பரேசன் செய்த பிறகு அணியில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு, இந்த ஆட்டம் ஊறிய நாடு என்று கனடாவுக்கு வந்து, ஒரு கிளப்பில் சேர்ந்து காலைப் பழக்கிக்கொண்டிருந்தாள். குளிர் முடிகிற நேரம் அவர்களுடைய தேசிய அணிப் பயிற்சியாளர் ரொறன்ரோவுக்கு வந்து ஒரேயொரு ஆட்டம் பார்ப்பார். கால் தாங்கினால் அணியில் இடம். தாங்காவிட்டால் என்ன என்று கேட்டேன். "முடிந்தது," என்றாள்.

அன்றிலிருந்து அந்த முழங்கால் என் பொறுப்பாகிவிட்டது. பக்கத்துவாசல் படியில் அவள் வழுக்கிவிடக் கூடாதென்று, பனி உருகக் காலையும் மாலையும் உப்புப் போட்டேன். நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். "தாங்ஸ், அன்ரி," என்று வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். படியிறங்கும்போது மூக்கைச் சுளித்ததையும் கண்டேன்.

ஆட்டம் ஒரு ஞாயிறு காலை. பார்க்கிறவர்கள் மேலே கண்ணாடி அறையில் இருக்க வேண்டும். எதிரணிப் பெண்ணொருத்தி விட்ட கல் வட்டத்தைத் தாண்டிப் போனதும் நான் பலமாகக் கைதட்டினேன். அறையே திரும்பிப் பார்த்தது. மற்றவர்களின் பிழைக்கு இங்கே கைதட்டுவதில்லை என்று பக்கத்திலிருந்த அம்மா காதோடு சொன்னார். பள்ளிக்கூட மைதானத்தில் எதிரணி பந்தைத் தவறவிட்டால் கூச்சலிட்டே வளர்ந்தவள் நான். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

கடைசிக் கல் இவர்களுடையது. அது நடுவில் நின்றால் வெற்றி. இவள் குனிந்து தேய்த்துக்கொண்டே ஓடினாள். நான் முழங்காலை மட்டுமே பார்த்தேன். கல் நடுவிலேயே நின்றது. எழும்பிவிட்டேன். அப்போது அவள் கையை உயர்த்தினாள். தன் தடி கல்லில் பட்டுவிட்டதாம். ஒருவரும் அதைக் காணவில்லை. நடுவரும் கிடையாது. தொட்டவர் தானாகவே சொல்ல வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் முறை. எதிரணித் தலைவி கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தாள். ஆட்டம் போய்விட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போருக்குள் வாயைத் திறக்காததால் உயிர் தப்பி வந்தவர்கள் நாங்கள். இவள் கேட்பாரில்லாமல் வாயைத் திறக்கிறாள்!

கீழே போனால், வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து ஒன்றாக இருந்து சிரிக்கிறார்கள். அதுவும் முறையாம். இவள் மட்டும் ஒரு மூலையில் நரைத்த மனிதர் ஒருவரின் முன்னால் நின்றாள். பயிற்சியாளர். அவர் ஏதோ சொல்ல, இவள் குனிந்து வணங்கினாள். இன்னொரு முறை வணங்கினாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் கால்கள் தாமாகவே அவரிடம் போய்விட்டன.

"சேர், உந்த முழங்காலில ஒரு பிழையுமில்லை. ஒவ்வொரு நாளும் என்ரை படியில ஏறி இறங்கிறவள். நான் பாக்கிறனான்." ஆங்கிலத்தில் தொடங்கி எங்கேயோ தமிழுக்கு மாறிவிட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டு எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார். "நானும் முழங்காலைத்தான் பார்த்தேன்," என்றார் ஆங்கிலத்தில். "அடுத்த மாதம் அணியோடு சேரச் சொல்லியிருக்கிறேன்."

அப்பாடா! கிட்ட இருந்த கதிரையில் பொத்தென்று இருந்து, யாருடையதோ தெரியாத தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"அப்ப ஏன் பிள்ளை அழுகிறாய்?"

தன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, இனித்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஒப்பரேசன் தெரியாது, இடம் போனது தெரியாது. கிழமைதோறும் போனில், சுகமாக இருக்கிறேன், நன்றாக விளையாடுகிறேன் என்றே சொல்லி வந்திருக்கிறாள். கொழும்பில் இருந்த என் அம்மாவும் நானும் போனில் வேறென்ன பேசினோம்?

அன்று பின்னேரம் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று யப்பானுக்குப் போன் அடித்தாள். அங்கே அப்போது மறுநாள் காலை. ஒப்பரேசனில் தொடங்கி எல்லாவற்றையும் இவள் சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் குரல் ஏறியது. இவள் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். யப்பான் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அந்த ஏச்சு முழுக்க விளங்கியது. இவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

போனை வைத்ததும் கடைசியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"சுகமாக இருக்கிறேன் என்று சொன்னேன், அன்ரி. அம்மா நம்பவில்லை. திரும்பவும் சொன்னேன்."