ரேடியோகிராம் ஸ்பீக்கரும் ஸ்போர்ட்ஸ் கார் சாவியும்

அந்தக் காரை நான் ஒரு நாளும் "நம்ம கார்" என்று சொன்னதில்லை. "உங்க வண்டி" என்பேன், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். சிவப்பு நிறம். தலைக்கு மேலே கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். தேசத்தைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து என் வீட்டுக்காரர் அதைத் திருச்சியில் வாங்கி வந்தார். திருமயம் பக்கத்துச் செம்மண் தெருவில் இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மாமனார், மகன் மலாயாவுக்குக் கப்பலேறாமல் கண் முன்னால் இருக்கிறானே என்று பேசாமல் இருந்துவிட்டார். புதிதாக வாழ வந்த எனக்கு வாய் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை.

வண்டியில் ஒரு ரேடியோ இருந்தது. நிற்கும்போது நன்றாகத்தான் பாடும். ஓட ஆரம்பித்தால் காற்றும் எஞ்சினும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. விராலிமலை வரைக்கும் வழிநெடுக ஜனங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் போதாது, பாட்டையும் கேட்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக்கை வரவழைத்தார்.

"இதுல இருக்க ஸ்பீக்கர் உள்ளங்கை அகலந்தாங்க" என்றார் மெக்கானிக். "பெரிய ஸ்பீக்கரா மாட்டணும். அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், தனியா ஒரு பேட்டரி, எல்லாம் வேணும்ங்க."

ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் மதுரையிலிருந்து வந்தன. ஸ்பீக்கர் வரவில்லை. அது எதற்கு வரவேண்டும்? வீட்டிலேயே ஒன்று இருந்ததே, என்னுடையது.

எங்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி ஓர் அறை ஒதுக்குவார்கள். அந்த அறையில் பெண் கொண்டுவந்த சீர் சாமான்கள் இருக்கும், சாவி பெண்ணின் இடுப்பில் இருக்கும். அவள் திறந்தால்தான் அறை திறக்கும். மாமியாரானாலும் புருஷனானாலும் ஒரு கரண்டி வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். என் அப்பச்சி, அதாவது அப்பா, எனக்குச் சீராகக் கொடுத்தவற்றில் ஒரு ரேடியோகிராமும் இருந்தது. ரேடியோவும் இசைத்தட்டு போடும் கருவியும் சேர்ந்த தேக்கு மரப் பெட்டி. அறை வாசலுக்குள் அது நுழையவில்லை. அதனால் கூடத்தில் வைத்தார்கள். அங்கேதான் எனக்குக் கேடு வந்தது. பூட்டுக்குள் இல்லாதது தனக்குப் பொது என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

நான் பின்கட்டில் வற்றல் காயவைத்துவிட்டு வருகிறேன், ரேடியோகிராம் பெட்டி திறந்து கிடக்கிறது. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை, தொங்கும் இரண்டு ஒயர்கள். வாசலில் அவர் மெக்கானிக்கோடு குனிந்து நின்று, சீட்டுக்குப் பின்னால் பலகை வைத்து அதைத் திருகிக்கொண்டிருந்தார். மெக்கானிக் முன்னால் நான் முகப்பைத் தாண்டி வர முடியாது. கதவோரம் நின்றே கேட்டேன்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"இந்தா, என்ன இப்போ? வீட்டுக்குள்ள பாடுறது வாசல்ல பாடுது, அவ்வளவுதான?"

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவே இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

என் கோபத்துக்கு வெறும் ஸ்பீக்கர் மட்டும் காரணமில்லை. என் தங்கை பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். திருச்சி ரேடியோவில் அவளுக்குப் பாட வாய்ப்புக் கிடைத்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், கால்மணி நேரம். அவள் பாட்டு வெளியே கேட்கப்போவது அதுதான் முதல் தடவை. அப்பச்சி சம்மதித்ததே பெரிய காரியம். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்தக் கால்மணி நேரத்துக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

தெருவில் இன்னொரு ரேடியோ எதிர்வீட்டில் இருந்தது. பங்குத் தகராறில் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பஞ்சாயத்து ரேடியோ பொட்டலில் பாடும், அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வேறு வழியில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கெல்லாம் வண்டியை வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டி முழுச் சத்தமா வைக்கிறேன். நீ வளவுல இருந்தே கேக்கலாம். தெருவே கேக்கும், எதிர்வீட்டுக்காரனுந்தான் கேக்கட்டுமே" என்றார்.

நம்பினேன். அந்த ஆசாமியை நம்பிய கடைசி நாள் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிநேகிதர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். மற்ற சிநேகிதர்கள் பஸ்ஸில் முன்னாலேயே நார்த்தாமலைக்குப் போய்விட்டார்கள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, புது ஸ்பீக்கரின் பெருமையை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நான் குளித்து, பூ வைத்துக்கொண்டு, விளக்கேற்றிவிட்டு முகப்பில் வந்து நின்றேன். ஐந்தரை ஆயிற்று. தங்கை பாடும் நேரம் வந்தது. தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது. எதிர்வீட்டு ரேடியோவிலிருந்து ஏதோ முணுமுணுப்புக் கேட்டது, அது அவள் குரலா செய்தியா என்றுகூடத் தெரியவில்லை. முகப்பைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்தேன். "அங்கிட்டு எங்கத்தா போற?" என்று மாமியார் உள்ளிருந்து கேட்டார். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கால்மணி நேரம் முடிந்துபோனது. அழுகை வரவில்லை, கல்லெடுத்து எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது.

ராத்திரி அவர் வரவில்லை. காலையில் ஒரு ஜோடி மாடுகள் அந்தச் சிவப்பு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகப் பாடவிட்டதில் புது பேட்டரியும் போய், வண்டி பேட்டரியும் போய்விட்டதாம். கூரையில்லாத வண்டி பனியில் கிடந்ததில் ஸ்பீக்கர் காகிதம் ஊறிக் கிழிந்து தொங்கியது. வெள்ளிக்கிழமை என்ன நாள் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. மாமனாரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா சத்தங்கிறீங்க! யாரோ ஒரு பொண்ணு திருச்சியில பாடுச்சு, பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரியே இருந்துச்சு. சினிமாப் பாட்டு வேணும்னாங்க, இலங்கைக்குத் திருப்பிட்டோம்."

என் காதில் விழுந்தது. பெரியவர்கள் முன்னால் வந்து பேசாதவள், வந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். எஞ்சீர் சாமான் எங்க இருக்கோ, அந்த எடத்துச் சாவி யாருகிட்ட இருக்கணும்?"

"ஒங்கிட்டதான், ஆத்தா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ இந்த வண்டிச் சாவி எங்கிட்ட வரணும். எஞ்சீர் அதுலதான் இருக்கு."

மாமனார் எழுந்து வந்து, சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கிழிந்த காகிதத்தைத் தொட்டார். சம்பந்தி வீட்டுச் சீரைக் கழற்றி எடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் பங்காளிகளிடம் தலைகாட்ட முடியாது. அவர் முகம் கறுத்தது. "அதைத் திருப்பி மாட்டிர்றேன், புதுசே வாங்கித் தாரேன்" என்று மகன் உளறினார். நான் முடியாது என்றேன். எங்கே திருகினாரோ அங்கேயே இருக்கட்டும் என்றேன். மாமனார் மகனைப் பார்த்துக் கையை நீட்டினார். கார் சாவி என் கொத்துக்கு வந்தது.

வண்டிக்குப் புது பேட்டரி போட்ட பிறகு, தினமும் காலையில் வளவுக்கு வந்து, சட்டினி அரைத்துக்கொண்டிருக்கும் என் முன்னால் நின்று, "சாவி" என்பார். நான் கையைக் கழுவி, துடைத்து, மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஓரகத்திகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒளிக்க என்ன இருக்கிறது?

தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், பாட்டுக் கீட்டு எல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்று. அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்தாள். எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்று கூப்பிடுவோம்.

"ஆச்சி, ரேடியோவுல கேட்டீங்கல்ல? அயித்தான் சொன்னாங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கேட்டீங்களாம், நீங்க அழுதுட்டீங்களாம். எனக்கு அது போதும் ஆச்சி."

என் வீட்டுக்காரர் பந்தலில் யாருக்கோ சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் கண்ணில் மை கலையத் தொடங்கியிருந்தது. "ஆமா, கேட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஊர் திரும்பிய மறுநாள் வழக்கம்போல வந்து நின்றார்.

"சாவி."

"அவ மொதல்ல எந்தப் பாட்டுப் பாடினா? சொல்லுங்க, தாரேன்."

"ஏதோ முருகன் பாட்டு" என்றார்.

"இல்லை."

மறுநாள் அம்மன் பாட்டு என்றார். இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் ராமர் பேரில் ஏதோ என்றார். அதற்கும் இல்லை என்றேன். கெஞ்சினார், கத்தினார், மாமனாரிடம் போனார். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். வண்டி கொட்டகையில் நின்றது, டயர் இறங்கியது, சீட்டில் கோழி முட்டையிட்டது. அந்தச் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது.

அவர் சொன்னவற்றில் ஒன்று சரியாகக்கூட இருந்திருக்கலாம். அவள் என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது. பிறந்த வீட்டில் யாரிடம் விசாரித்தாலும், நான் அன்று கேட்கவில்லை என்பது அவள் காதுக்குப் போய்விடும் என்பதால் நான் விசாரிக்கவே இல்லை.